பொட்டிக்குள் இருந்த பாட்டு

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் அது எங்கே தொடங்கியது என்பது மறந்துபோகும். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். வாசிக்கிற நீங்கள்தான் பொறுத்துப் போகவேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குத் தடுமாற்றமே கிடையாது. நாவுலயிலிருந்து உக்குவளை வரைக்கும், ஏன், பஸ்ஸே ஒழுங்காகப் போகாத லக்கல வரைக்கும் தேடினாலும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு வருஷக்கணக்காகச் சத்தம்போட்டுச் சண்டை பிடித்து, கடைசியில் ஜெயித்தும் காட்டிய மனுஷன் எங்கள் பொட்டி நானா ஒருவர்தான்.

மாத்தளைக்குக் கிட்ட, உக்குவளையில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நானாவின் கொமினிகேஷன் இருக்கிறது. போட்டோக்கொப்பி, ரீலோட், கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், டியூஷன் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைத்தான் நானா என்பார்கள். இவர் என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் தமிழருக்கும் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும், கைக்குழந்தையிலிருந்து கைத்தடிக்காரர் வரைக்கும், அவர் நானா. காலையில் நான் கடைகளுக்கு இடியப்பம் கொடுத்துக்கொண்டு போவேன். கடைசிக் கூடை அவர் கடையில்தான் இறங்கும். அவர் இடியப்பத்தைச் சம்பலில் பிசைந்துகொண்டே கம்பியூட்டரைத் திட்டுவார். திட்டி முடிந்தால் அதற்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிக் கடை லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் வந்தால், "ஷ்ஷ், அது இப்பதான் கொஞ்சம் அடங்கீக்கி" என்பார்.

பொட்டி என்ற பேர் கடை போர்டிலிருந்து வந்தது. கடை திறந்த காலத்தில் போர்டுக்குரிய எழுத்தை நானா தானே டைப் பண்ணி, பேருக்கு முன்னால் ஒரு டெலிபோன் படமும் போட்டு, கடதாசியில் அடித்து, போர்டு எழுதுகிற பெயின்ட் பாஸிடம் கொடுத்தாராம். அச்சில் டெலிபோன் வரவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெறும் சதுரம் வந்திருந்தது. பெயின்ட் பாஸ் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அந்தச் சதுரத்தைச் சிவப்புப் பெயின்டில், நிழலெல்லாம் போட்டு, வீட்டு ஜன்னல் அளவுக்கு வரைந்து கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து அது பொட்டிக் கடை, அவர் பொட்டி நானா.

அதோடு நின்றதா என்றால் இல்லை. நானாவுக்குப் படங்கள் மேல் ஒரு பைத்தியம். எந்தக் கடதாசியானாலும் ஒரு பூவோ நட்சத்திரமோ வைக்காமல் விடமாட்டார். வைப்பது பூ, அச்சில் வருவது பொட்டி. ஒரு கல்யாணக் கார்டில் மாப்பிள்ளை பேருக்கும் பொண்ணு பேருக்கும் நடுவில் இதயம் போட்டார். கார்டு வந்தது. பொண்ணுடைய அப்பா கடைக்கு வந்து கத்தினார்.

"என்ன நானா இது? ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பொட்டிய வச்சிருக்கீங்க?"

நானா கார்டை வாங்கிப் பார்த்தார். "அது சீதனம்" என்றார்.

இன்னொரு தடவை மரண அறிவித்தலில் குத்துவிளக்கு போட்டார். அங்கேயும் பொட்டி. செத்தவருடைய மகன் அழுத முகத்தோடு வந்து, "எங்கப்பா ஆறடி ஆளு நானா. அவருக்கு இவ்வளவு சின்னப் பொட்டியா?" என்று கேட்டாராம். அந்தத் தடவை மட்டும் நானா பேனையை எடுத்தார். அவ்வளவு கடதாசியிலும் தன் கையாலேயே விளக்கு வரைந்து கொடுத்தார். அது விளக்கு மாதிரியும் இல்லை, அகப்பை மாதிரி இருந்தது என்பது வேறு விஷயம்.

யார் என்ன கேலி பண்ணினாலும் நானா சொல்வது ஒன்றுதான்.

"அது வெறும் பொட்டி இல்லக்கா. உள்ளுக்கு எழுத்து ஈக்கிது. இந்த மெஷினுக்கு அதுட முகம் தெரியாது, அவ்வளவுதான்."

ஒரு நாள் எனக்கு விளக்கமாகவே சொன்னார். "ஒலகத்துல உள்ள எல்லா எழுத்துக்கும் ஐடி நம்பர் ஈக்கிது. நம்மட அனாவுக்கு ஈக்கிது, சிங்கள அயன்னாவுக்கு ஈக்கிது, அரபு அலிஃபுக்கு ஈக்கிது. ஃபோனுல இருந்து ஃபோனுக்குப் போறது எழுத்து இல்ல, நம்பர்தான். போய்ச் சேர்ற மெஷின் அந்த நம்பரப் பார்த்து முகத்த வரையும். முகம் தெரியாட்டி பொட்டி போட்டு வைக்கும். ஆனா நம்பர் எங்கயும் போகாது. உள்ளுக்கே கெடக்கும்."

நான் தலையாட்டிவிட்டு இடியப்பத் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் பொதுவாகப் பேசுகிறவள் இல்லை. எனக்குப் பாடத்தான் வரும்.

அந்தப் பாட்டிலிருந்துதான் கதையே தொடங்குகிறது.

எங்கள் தெருவில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு பஜனைக் கோஷ்டி வைத்திருக்கிறோம். தலைவி பார்வதி அக்கா. பெரிய குரல், பெரிய பொட்டு, பெரிய மனசு. ஒவ்வொரு வருஷமும் டவுனில் ஒரு கோயில் திருவிழாவில் மேடை தருவார்கள். கோயிலின் பேரைச் சொன்னால் அவர்களுக்குச் சங்கடம், அதனால் விட்டுவிடுகிறேன். பழைய பாட்டு எல்லாரும் பாடுவதுதானே என்று பார்வதி அக்கா வருஷா வருஷம் புதிதாக ஒரு அம்மன் கதை எழுதுவாள். கொஞ்ச நேரம் வசனம், அதை அவளே பேசுவாள். பிறகு பாட்டு, அதை நான் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். மேடைக்கு ஏறுகிற நிமிஷம் வரைக்கும் வரிகளை மாற்றிக்கொண்டே இருப்பாள். அதனால் மனப்பாடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடதாசியைப் பார்த்துத்தான் பாடவேண்டும். அவளுடைய வசனமும் பாட்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். நானோ எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். ஒரு வரியைப் பாடிப் பார்த்தால்தான் அது பாட்டா இல்லையா என்பதே எனக்குத் தெரியவரும்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் என்ன நடந்தது தெரியுமா? பார்வதி அக்கா வசனத்தை முடித்து என்னைப் பார்த்தாள். நான் கடதாசியைப் பார்த்தேன். அடுத்த வரியை எடுத்து, உச்சக் குரலில், நீட்டி, உருகிப் பாடினேன்.

"இவ்விடத்தில் அனைவரும் மூச்சு வாங்கி, மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கவும்..."

பின்பாட்டுக்காரிகள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை திருப்பிப் பாடினார்கள். மிருதங்கக்காரர் ஒரு நல்ல தீர்மானம் வைத்தார். முன்வரிசையில் ஒரு பெரியவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "அரோகரா!" என்றார்.

அப்புறம்தான் சிரிப்பு கிளம்பியது. பின்னாலிருந்து கிளம்பி முன்னால் வந்து மேடையிலேயே ஏறிவிட்டது. போதாததற்கு அந்த நேரம் பார்த்துப் பார்வதி அக்காவின் ஃபோனும் மேடையில் அடித்தது.

முடிந்ததும் கோயில் செயலாளர் ஐயா எங்களைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவர். கத்தமாட்டார். கத்தினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

"பிள்ளையள், குறை நினைக்காதேங்கோ. இனி மேடையிலை ஃபோன் கூடாது. இன்னொருக்கா உப்பிடி நடந்தால் உங்கடை நேரத்தை நாவுல ஆக்களுக்குத்தான் குடுக்கவேண்டி வரும். அவையளும் கனகாலமாக் கேட்டுக்கொண்டிருக்கினம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அதே நினைப்புத்தான். வருஷத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு. மற்ற நாளெல்லாம் அடுப்பு, கடை, வேலை. அந்த மேடை போனால் என் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இடியப்பத்துக்கா பாட முடியும்?

மறுநாள் காலை பார்வதி அக்கா நேராகப் பொட்டி நானா கடைக்குப் போனாள். நான் கூடையோடு பின்னால் நின்றேன்.

"நானா, டைப் அடிச்சது நீங்க. பாட்டு எங்க தொடங்குதுன்னு தெரியிற மாதிரி ஏதாச்சும் ஒரு அடையாளம் வச்சுக் குடுங்க. இல்லாட்டி எங்க மேடை போயிரும்."

நானாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! யாராவது தன்னிடம் வந்து ஒரு அடையாளம் கேட்பார்களா என்று ஆயுசு முழுக்கக் காத்திருந்த மனுஷன்.

முதலில் "பாட்டு" என்றே எழுதித் தந்தார். ஒத்திகையில் நான் "பாட்டு" என்பதையும் சேர்த்துப் பாடினேன். அடுத்தது அடிக்கோடு. கோடு போட்டால் முக்கியம் என்று நினைத்து எல்லாரும் அந்த வரிகளைக் கத்திப் பாடினோம். பிறகு பிள்ளையார் சுழி. பார்வதி அக்கா சந்தோஷப்பட்டாள். ஆனால் சுழியைக் கண்டதும் ஆளாளுக்குக் கடதாசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குட்டிக்கொள்ளத் தொடங்கியதால் பாட்டு தொடங்கவே இல்லை. அதற்குப் பிறகு, இங்கிலீஷ் பாட்டுக்குப் போடுவார்களே, தலை கவிழ்ந்து வால் நிமிர்ந்த ஒரு குறி, அதை வைத்தார். அது பொட்டியாகாமல் நன்றாகவே அச்சில் வந்தது. ஆனால் பார்க்க அசல் கரண்டி. கரண்டியைக் கண்டதும் பிரசாத நேரம் என்று இரண்டு பேர் எழும்பிவிட்டார்கள்.

"ஒங்களுக்கெல்லாம் வேற ஒலகத்துல இருந்துதான் குறி கொண்டு வரணும்" என்று நானா தலையில் கைவைத்தார்.

வந்தது ஜப்பானிலிருந்து.

சுனேத்ரா என்று ஒரு சிங்களப் பொண்ணு. ஜப்பானுக்கு வேலைக்குப் போவதற்காக மாத்தளையில் அந்தப் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை ஏதோ பாடப் புத்தகம் ஒன்றைப் போட்டோக்கொப்பி எடுக்க நானா கடைக்கு வந்திருந்தாள். நான் இடியப்பத்தை எண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் வைத்த பக்கத்தை நானா பார்த்தார். பார்த்தவர் பட்டனை அமுக்கவே இல்லை. பக்கத்தின் ஓரத்தில் பழைய நாடகக் கடதாசி ஒன்றின் படம். அதில் எழுத்துகளுக்கு நடுவே ஒரு கோணல் கோடு. ஏறி இறங்கி, மறுபடி ஏறி, வாலை நீட்டிக்கொண்டு நின்றது. எனக்கு லக்கல போகிற ரோடு ஞாபகம் வந்தது.

"இது என்ன நங்கி?" என்று நானா தங்கை முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

"அதுவா? அங்க பழைய நாடகத்துல பேச்சு முடிஞ்சு பாட்டுத் தொடங்குற இடத்துல அத வைப்பாங்களாம். டீச்சர் சொன்னாங்க" என்றாள்.

நானா இரண்டு கையையும் மேலே தூக்கி, "அல்லாவே!" என்று ஒரு சத்தம் போட்டார். ரோட்டில் போன த்ரீவீல்கூட நின்றது. "எங்கயோ ஜப்பான்லயும் ஒரு இடியப்ப அக்கா இருந்தீக்கா! அவவும் தெரியாம வசனத்தப் பாடித்தான் இத கண்டுபிடிச்சீக்காங்க!"

அன்றைக்கு முழுக்கக் கடையை மூடிவிட்டு அதன் ஐடி நம்பரைத் தேடினார். மறுநாள் காலை நான் போனபோது வாசலிலேயே நின்றார்.

"கெடச்சிட்டுதுக்கா! மூணு, சைபர், மூணு, டீ!"

"நம்பருக்குள்ள டீ எப்படி நானா வந்திச்சு?"

"நமக்குப் பத்து வெரல். கம்பியூட்டர்காரனுக்குப் பதினாறு வெரல்னு வச்சுக்கங்க. ஒம்பதுக்கு மேல எண்றதுக்கு அவனுக்கு நம்பர் காணாது. அதனால ஏ, பீ, சீ, டீன்னு எழுத்துல இருந்து கடன் வாங்குறான்." சொல்லிக்கொண்டே அந்த நாலையும் அடித்து, இரண்டு பட்டனைச் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கினார். நாலு எழுத்தும் மறைந்து அந்த இடத்தில் அந்தக் கோணல் மலை எழும்பி நின்றது. உண்மையைச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு நானா யாரைக் கண்டாலும், "மூணு சைபர் மூணு டீ தெரியுமா?" என்று கேட்டார். பாதிப் பேர், "அது எங்க போற பஸ்?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

நானா எங்கள் வாட்ஸப் குறூப்பிலும் அதை அனுப்பினார். அங்கேதான் அடுத்த கலகம். பார்வதி அக்காவின் ஃபோனில் மலை மஞ்சள் நிறத்தில் படமாக மினுங்கியது. இன்னொருத்தி ஃபோனில் வெறும் கறுப்புக் கோடு. ஒரு பழைய ஃபோனில் வழக்கம்போலப் பொட்டி.

"ஒரே நம்பர்தானே அனுப்பினீங்க? பின்ன ஏன் ஒண்ணுக்கு மஞ்சப் புடவை, ஒண்ணுக்குக் கறுப்புப் புடவை?" என்று பார்வதி அக்கா கேட்டாள்.

நானா குரலைத் தாழ்த்தினார். "அதுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கிறான் பார்வதி அக்கா. கண்ணுக்குத் தெரியமாட்டான். அவனுக்கும் நம்பர் ஈக்கிது. அவன்ட வேல, முன்னால நிக்கிறவனுக்கு உடுப்பு மாத்துறது மட்டுந்தான். ஒருத்தன் நின்னா கலர்ப் படம். அவன எடுத்துட்டு அவன்ட தம்பிய நிப்பாட்டினா சாதா எழுத்து. ஒருத்தனும் நிக்காட்டி அந்தந்த ஃபோன் இஷ்டப்படி உடுத்திக்கும்."

"கண்ணுக்குத் தெரியாதவன எப்படி நானா நம்புறது?"

நானா சட்டென்று போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பின்னால் குந்தினார். ஆளைக் காணோம். மெஷினுக்கு மேல் ஒரு மஞ்சள் டவல் வந்து விழுந்தது. "இப்ப இது படம்!" என்றது குரல். டவல் இழுபட்டுக் கீழே போனது. "இப்ப இது எழுத்து! நான் தெரியிறனா?" ரீலோட் போட வந்த ஒரு சிங்கள மாத்தயா ஒன்றும் விளங்காமல் பின்னால் பின்னால் நடந்து ரோட்டுக்கே போய்விட்டார்.

"மஞ்சளே இருக்கட்டும் நானா, மங்களகரமா இருக்கு" என்றாள் பார்வதி அக்கா.

"என்ட பிரிண்டருல கறுப்பு மட்டுந்தான். தம்பியத்தான் நிப்பாட்டணும்" என்றார் நானா.

அப்படியே தம்பியை நிறுத்தினார். கறுப்பு மலையோடு கடதாசி வந்தது. ஒத்திகையில் மலையைக் கண்டால் பாடினேன், மலை இல்லாவிட்டால் வாயை மூடினேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. எங்கள் வீடுகளிலும் அது பரவிவிட்டது. பார்வதி அக்காவின் புருஷன் வேலைக்குப் போன மகனுக்கு, "அம்மா" என்று எழுதிப் பக்கத்தில் அந்த மலையை மட்டும் வைத்து அனுப்பினாராம். மகன் அன்றைக்கு வீட்டுக்கு ஆறுதலாக, நேரம் பிந்தித்தான் வந்தான்.

திருவிழா நாள் வந்தது. கூடவே மழையும் வந்தது. இரண்டு த்ரீவீலில் கிளம்பினோம். கடதாசிக்கட்டை நானாவே மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு வந்தார். வேறு யாரிடமும் தர மறுத்துவிட்டார். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், சாரல் அடிக்கிறதே என்று கட்டைச் சட்டைக்குள் வைத்தார். சட்டை ஏற்கெனவே தொப்பல் என்பதை மறந்துவிட்டார். டவுனில் இறங்கி எடுத்தால், தேத்தண்ணியில் ஊறிய பாண் மாதிரி எல்லாத் தாளும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது.

"நல்லதாப் போச்சு, ரெண்டு வரி மாத்தணும்னு இருந்தேன்" என்றாள் பார்வதி அக்கா. அவளைத் திருத்த முடியாது.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அச்சுக் கடை. நானா ஓட, வழிக்குத் துணையாக நானும் ஓடினேன். நானா தன் ஃபோனிலிருந்து ஃபைலை அனுப்பினார். கடைக்காரர் தன் பழைய கம்பியூட்டரில் அதைத் திறந்தார். திறந்ததும் சிரித்தார்.

"என்ன நானா, ஒங்க ஃபைல் எல்லாம் ஒரே பொட்டி பொட்டியா இருக்கு? வைரஸா? இருங்க, எல்லாத்தையும் அழிச்சுச் சுத்தமாக்கித் தாறேன்."

"தொட்டீங்கன்னா பாருங்க!" நானா போட்ட சத்தத்தில் கடைக்காரர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். "அழிச்சா உள்ளுக்கு உள்ளதும் போயிரும்!"

நானா தானே உட்கார்ந்தார். மூணு, சைபர், மூணு, டீ. இரண்டு பட்டன். பொட்டி. மறுபடி அடித்தார். பொட்டி. அந்தக் கம்பியூட்டருக்கு எங்கள் மலையின் முகம் தெரியவே தெரியாது. நானா அதனோடு கெஞ்சிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், வாப்பா என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். வெளியே ஒலிபெருக்கியில், அடுத்ததாக உக்குவளைக் கோஷ்டி ஆயத்தமாகவும் என்று அறிவித்தார்கள்.

நானாவின் கை நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பவில்லை. கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, அன்னைக்கு ஒங்களப் பார்த்துச் சிரிச்சாங்க. இன்னைக்கும் சிரிக்கப் போறாங்க. ரெண்டு தடவையும் என்னாலதான்."

அவ்வளவு சத்தம் போடுகிற மனுஷன் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை. என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு எங்கிருந்து பேச்சு வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

"நானா, இத்தன வருஷமா நீங்க சொன்னது பொய்யா?"

"எதக்கா?"

"பொட்டிக்குள்ள எழுத்து இருக்குன்னு."

நானா துள்ளி எழும்பினார். "பொய்யா? வல்லாஹி உண்மக்கா! இந்த ஒவ்வொரு பொட்டிக்குள்ளயும் ஈக்கிது!"

"அப்ப அச்சடிச்சு எடுங்க. உள்ள இருக்குன்னா நாங்க பாடிருவோம்."

நானா கடைக்காரரிடம், "அடிங்க!" என்றார்.

சூடு ஆறாத தாள்களோடு மேடைக்குப் பின்னால் ஓடினோம். பார்வதி அக்கா தாளைப் பார்த்து அலறினாள். "ஐயோ, மலை எங்கடி?"

"மலை உள்ள இருக்குக்கா. பொட்டியக் கண்டா பாடுங்க. பொட்டி இல்லாட்டி பேசாம இருங்க" என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரே நேரத்தில் இத்தனை வசனம் பேசியதை அவர்கள் கண்டதில்லை. ஆனால் ஒருத்திகூட ஏன், எப்படி என்று கேட்கவில்லை. உக்குவளைக்காரிகளுக்குப் பொட்டியை யார் விளக்கவேண்டும்? பொட்டி இருந்தால் நானா அங்கே ஏதோ நல்லது வைத்திருக்கிறார் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

மேடை ஏறினோம். கூட்டம் நிறைந்திருந்தது. அந்த வருஷத்துச் சிரிப்பை ஞாபகம் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். பின்னாலிருந்து ஒருத்தன், "மைக்குப் பாட்ட எடுத்து விடுங்க அக்கா!" என்று கத்தினான். தாளைப் பார்த்தேன்.

பார்வதி அக்கா வசனத்தை முடித்தாள். அடுத்த வரிக்கு முன்னால் பொட்டி. எடுத்தேன். பாட்டுத்தான். அடுத்த வசனம். பொட்டி. எடுத்தேன். பாட்டுத்தான். பின்பாட்டுக்காரிகள் ஒரே குரலாக வந்து விழுந்தார்கள். மிருதங்கக்காரர் முதலில் பயந்து பயந்து வாசித்தவர், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நடுவில் வந்தது அந்த வரி. பார்வதி அக்கா இந்தத் தடவையும் அதை எழுதியிருந்தாள். மூச்சு வாங்கி, மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கவும். முன்னால் பொட்டி இல்லை. வாயை மூடினேன். மூச்சு வாங்கினேன். மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். கூட்டமே கழுத்தை நீட்டிக் காத்திருந்தது. ஒரு சத்தமில்லை. அடுத்த வரியில் பொட்டி இருந்தது. அதை நான் எடுத்த எடுப்பில், அந்த "அரோகரா" பெரியவர் மறுபடியும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கைதட்டல் மழைச் சத்தத்தையும் மேவிக்கொண்டு போனது.

கீழே இறங்கியதும் செயலாளர் ஐயா என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். "நல்லாய்ச் செய்தியள். ஆனா இதென்ன பெட்டி பெட்டியாய்க் கிடக்கு? எழுத்து விடுபட்டுப் போச்சோ?"

"விடுபடல்ல!" என்றொரு குரல். செருப்பு விடுகிற இடத்தில் நனைந்த சட்டையோடு நானா நின்றார். "உள்ளுக்கு ஈக்கிது சேர். ஒங்கட ஃபோன் நம்பரச் சொல்லுங்க."

அதே ஃபைலை, ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல், செயலாளர் ஐயாவின் புது ஃபோனுக்கு அனுப்பினார். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறந்தார். பார்த்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடி ஃபோனைப் பார்த்தார். தாளில் பொட்டி இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஃபோனில் எங்கள் மலை எழும்பி நின்றது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"அட, இதென்னப்பா!" என்று அவர் பக்கத்திலிருந்த கமிட்டிக்காரரிடம் காட்டினார். அவர் அடுத்தவரிடம் காட்டினார். ஃபோன் கைமாறிக் கைமாறிப் போனது. கடைசியில் ஐயர்கூட எட்டிப் பார்த்தார். அச்சுக்கடைக்காரர் எங்கிருந்தோ வந்து, "நான் அழிக்கப் பார்த்தேனே" என்று தலையைச் சொறிந்தார்.

"நான் சொல்லல்ல? சொல்லல்ல நான்?" நானா ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். இத்தனை வருஷமாகத் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை ஒரு கோயில் வாசலே கண்ணால் பார்த்துவிட்டது. பார்வதி அக்காதான் முதலில் குலவை போட்டாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். அம்மனுக்குப் போடுகிற குலவையை அன்றைக்கு நானாவுக்குப் போட்டோம். நானா வெட்கத்தில் டவலால் முகத்தை மூடிக்கொண்டார். அது அந்த மஞ்சள் டவல்.

அடுத்த முறை அரை மணித்தியாலம் கூட எடுங்கோ என்று செயலாளர் ஐயா சொன்னார். நாவுலக்காரர்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கிவிட்டார்கள். அவர்களும் இப்போது எங்கள் மலையைத்தான் வைத்துப் பாடுகிறார்கள். டைப் அடித்துக் கொடுப்பது யார் என்று சொல்லவேண்டுமா?

கடை போர்டைப் பெயின்ட் பாஸ் புதுப்பிக்க வந்தபோது, அந்தச் சதுரத்தை அழித்துவிட்டு டெலிபோன் வரையட்டுமா என்று கேட்டார். நானா விடவில்லை. பொட்டி அப்படியே இருக்க, அதற்குள்ளே மஞ்சளில் மலையை வரையச் சொன்னார். இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து இது என்ன பேங்க் என்று கேட்கிறார்கள்.

நான் எழுதியதில் பிழைகள் நிறைய இருக்கும். அந்த நம்பர் மூணு சைபர் மூணு டீதானா, பின்னால் நிற்கிற அண்ணன் தம்பி விஷயம் சரியா, ஜப்பான்காரர்கள் இன்னும் அதை வைத்துப் பாடுகிறார்களா என்பதையெல்லாம் விஷயம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்தி உதவவேண்டும். நானாவைக் கேட்டால் இரண்டு நாள் பேசுவார்.

ஒன்றை மட்டும் திருத்தவேண்டாம். இதற்குக் கீழே அந்தக் குறியை நானாவே வந்து போட்டுத் தந்திருக்கிறார். உங்கள் அச்சில் அது வெறும் பொட்டியாக வந்தாலும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். உள்ளே எங்கள் நானா இருக்கிறார்.

〽